தொட்டுக் கும்பிட்டுத் தோற்றவள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கால் எதன்மேல் பட்டாலும், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது. புத்தகம் மிதிபட்டாலோ பஸ்ஸில் பக்கத்து ஆளின் கால் மிதிபட்டாலோ எல்லோரும் செய்வதுதான். எனக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. சாப்பாட்டுப் பை, மடித்து வைத்த பாய், லேப்டாப்பின் சார்ஜர் வயர் வரைக்கும் கும்பிட்டிருக்கிறேன். ஒருமுறை துணிக்கடையில் பட்டுச் சேலை கட்டி நின்ற பொம்மையின் காலை மிதித்துவிட்டு, அதன் தோளைத் தொட்டுக் கும்பிட்டு, "ஸாரிக்கா" என்று வேறு சொன்னேன். (பக்கத்தில் நின்ற கடைப் பெண் நல்ல பிள்ளை. என் முன்னால் சிரிக்கவில்லை. உள்ளே ஓடிப் போய்ச் சிரித்தது மட்டும் கேட்டது.)

இப்படிப்பட்டவள் பேசாமல் வீட்டில் இருந்திருக்க வேண்டும். நானோ, ஆளை ஆள் கம்பால் அடிக்கிற விளையாட்டில் போய்ச் சேர்ந்தேன்.

விளையாட்டின் பெயர் கெண்டோ. ஜப்பான்காரர்களுடையது. நாலு மூங்கில் சிம்புகளைச் சேர்த்துக் கட்டிய வாள் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். தலைக்குக் கம்பி வைத்த கூண்டு, மார்புக்குக் கவசம், கைக்கு மெத்தை வைத்த உறை. வெறுங்காலோடு எதிரே நிற்கிறவரின் தலை, மணிக்கட்டு, விலா இவற்றில் ஏதாவது ஒன்றை அடிக்க வேண்டும். அடிக்கும்போதே எதை அடிக்கிறோம் என்று கத்தவும் வேண்டும். தலை என்றால் "மென்!" வலது காலை ஓங்கித் தரையில் அறைந்தபடி பாய வேண்டும். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலையில் இருந்தேன். கூட வேலை பார்த்த பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க அழைத்துப் போனாள். அவள் அதன்பிறகு வரவே இல்லை. நான் நிற்கவே இல்லை.

ஏன் பிடித்தது என்றால், கத்தலாம். அவ்வளவுதான். ராயகிரியில் வளர்ந்த நாளிலிருந்து எனக்கு வாய்த்தது மன்னிப்புக் கேட்கிற குரல். ஆட்டோவில் ஏறினால்கூட "கொஞ்சம் போக முடியுங்களா" என்று கெஞ்சுவேன். கூண்டுக்குள் தலையை விட்டதும் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று நம்பவே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அந்தச் சத்தத்தை இழக்க எனக்கு மனசில்லை.

கல்யாணமாகிச் சங்கரன்கோவில் வந்த பிறகு வேலை வீட்டிலிருந்தே நடந்தது. மாதம் ஒருமுறை பெங்களூர் போய்ப் பயிற்சி செய்வேன். கவசம் கிளப்புக்குச் சொந்தம், எனக்கு இரவல். என் கணவர் சங்கர் திருநெல்வேலி ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். உறவுக்காரர்கள் கேட்டால், "கராத்தே மாதிரி, ஆனா கராத்தே இல்ல" என்று தெளிவாக விளக்குவார். மாமியார் கோமதி அத்தைக்கு அவ்வளவு நீளமும் தேவைப்படவில்லை. "எம் மருமவ கம்பு சுத்துதா" என்று முடித்துவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் பெங்களூரில் என் முதல் போட்டி வந்தது.

எதிராளி புனேயிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர். என் அம்மா வயது இருக்கும். குனிந்து வணக்கம் வைக்கும்போது கூண்டுக் கம்பி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த அம்மாவை நான் எப்படி மண்டையில் அடிப்பேன்? ஓரத்தில் சங்கர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

நடுவர் ஆரம்பிக்கச் சொன்னார். இருவரும் கம்பு நுனியோடு நுனி உரசியபடி நின்றோம். டாக்டரின் கம்பு கொஞ்சம் இறங்கியது. என்னையும் அறியாமல் பாய்ந்தேன். "மென்ன்ன்!" உச்சந்தலையில் பளாரென்று விழுந்தது. அப்படி ஓர் அடி என் வாழ்க்கையில் அதுவரை விழுந்ததில்லை. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் எனக்கான சிவப்புக் கொடியைத் தூக்க ஆரம்பித்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கொடி ஏறினால் பாயிண்ட்.

அதே நேரத்தில் என் வலது பாதத்துக்கு அடியில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. டாக்டரின் கால் விரல்.

அப்புறம் நடந்ததில் எனக்குப் பங்கே இல்லை. என் கைதான் எல்லாவற்றையும் செய்தது. கம்பை விட்டு விலகியது. குனிந்தது. அந்த அம்மாவின் முழங்காலைத் தொட்டது. கண்ணில் ஒற்ற வந்தது. வந்த வேகத்தில் கூண்டுக் கம்பியில் மோதி 'டங்' என்றது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

கெண்டோவில் அடி விழுந்தால் மட்டும் போதாது. அடித்த பிறகும் கம்பைப் பிடித்தபடி, எதிராளியைத் தாண்டி ஓடி, திரும்பி நின்று, 'இன்னும் இங்கேதான் இருக்கிறேன்' என்கிற மாதிரி விழிப்போடு நிற்க வேண்டும். அதை ஸான்ஷின் என்பார்கள். அது இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட அடியும் செல்லாது. நான் திரும்பி நிற்கவில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பாதி ஏறிய கொடிகள் இறங்கி, 'செல்லாது' என்று குறுக்கே ஆடின.

டாக்டரும் நம் நாட்டுக்காரர்தானே, நான் செய்தது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. 'பரவாயில்லை' என்பதுபோல் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, குனிந்திருந்த என் தலையில் தோதாக ஒன்று போட்டார். மூன்று வெள்ளைக் கொடிகளும் ஒன்றாக ஏறின.

மறுபடி ஆரம்பித்தபோது, இனி யார் காலையும் மிதிக்கக்கூடாது என்ற வைராக்கியத்தில் தரையையே பார்த்துக்கொண்டு பாய்ந்தேன். தரையைப் பார்த்தால் தலை தானாகக் குனியும். குனிந்த தலையை அடிக்க பல் டாக்டர் எதற்கு, யாராலும் முடியும். பால் பொங்குகிற நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கூண்டைக் கழற்றியதும் அந்த அம்மா என் தலையில் கைவைத்து இந்தியில் ஆசீர்வாதம் செய்தார். (அடியும் அவரே, ஆசீர்வாதமும் அவரே.)

கிளப்பில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அடி நல்லா இருந்தது உமா. அடிச்ச பிறகு நீ எங்கே போயிட்டே?" என்றார்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். நான் மிதித்தது தற்செயல் இல்லையாம். அடிக்கிற கணத்திலேயே எனக்குள் ஒரு 'ஐயையோ' வருகிறதாம். அதனால் உடம்பு பிரேக் போடுகிறது. நேரே தாண்டிப் போக வேண்டிய கால், எதிராளியின் காலடியிலேயே விழுந்துவிடுகிறது. "பொம்மையை அடிச்சுப் பழகினா இது போகாது. நிஜ ஆளை அடி. தினமும் அடி. தாண்டி ஓடு. திரும்பி நில்." கடைசியாக, தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். கவசத்துக்கு ஒரு கல்லூரிப் பெண் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறாள். அடுத்த போட்டி வரைக்கும் என்னிடம் இருக்கலாம். அதில் ஜெயிக்க வேண்டாம், ஒழுங்காக ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் போதும், தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அவளிடம் கொடுத்துவிட வேண்டும். நியாயம்தான். ஊர் வந்து சேர்கிற வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

நான் வீட்டுக்கு வரும் முன்பே வீடியோ வந்து சேர்ந்திருந்தது. சங்கர் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். (ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "நீ அடிச்சது சூப்பரா இருந்துச்சுல்லா" என்றார். மனிதர் அதோடு வீடியோ பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.)

கோமதி அத்தை நிறுத்தவில்லை. நான் செருப்பைக் கழற்றும்போது நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அந்தப் பொம்பளைய எதுக்குக் கும்புட்ட?"

"கால மிதிச்சுட்டேன் அத்தை."

"மண்டைல போட்டியே ஒரு போடு, அதுக்குக் கும்புடல. காலுக்குக் கும்புட்டியாக்கும்."

அத்தை போனைத் தள்ளிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். "கோட்டிக்காரி" என்றார். அதில் கோபம் இல்லை.

நிஜ ஆள் வேண்டும் என்று மாஸ்டர் சொன்னாரே, முதலில் சங்கரைத்தான் பிடித்தேன். மொட்டை மச்சியில் நிற்கவைத்துக் கூண்டை மாட்டினேன். "உள்ள காத்து வரல" என்றார். நான் கம்பைத் தூக்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுப்பி நிறுத்தி அடித்தால், அடி விழும் முன்பே அவர் "ஆத்தாடி" என்றார், விழுந்த பிறகு நான் "ஐயோ ஸாரிங்க" என்றேன். இப்படியே கொஞ்ச நேரம் ஆத்தாடியும் ஸாரியுமாகப் போனது. அப்புறம் கடைக்கு லோடு வருகிறது என்று ஓடிப்போனார். அன்று லோடு வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் கவசத்தை மடித்துவைத்துக்கொண்டிருந்தேன். அத்தை வடகம் காயப்போட மேலே வந்தவர், என் முகத்தைப் பார்த்தார். வடகத் தட்டைக் கீழே வைத்தார்.

"அந்தக் கூண்ட எனக்கு மாட்டு. நான் நிக்கேன்."

"ஐயோ அத்தை! உங்களயா?"

"ஏன், எனக்கு மண்ட இல்லியா?"

"வலிக்கும் அத்தை. கழுத்து..."

"செத்த நேரம் சும்மா இரு. எத்தன குடம் சுமந்த கழுத்து இது. நீ அடிச்சு ஒடஞ்சிருமாக்கும்?"

அம்மாவுக்கு போன் போட்டு யோசனை கேட்டேன். (கேட்டிருக்கக் கூடாது.) ராயகிரியிலிருந்து அம்மா போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். "மாமியாரக் கம்பால அடிக்கப் போறியா? ஏட்டி, நாங்க இந்த ஊர்ல மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? எந்தலைல மண்ணள்ளிப் போட்டுராத தாயி!"

மறுநாள் விடிந்ததும் அத்தை தயார். சேலையை இழுத்துச் செருகி, தலையில் சங்கரின் ஈரிழைத் துண்டைச் சுற்றி, அதற்கு மேல் கூண்டு. சேலைக்கு மேல் மார்புக் கவசம். கைக்கு உறை. காதுத் தோடு கூண்டில் மாட்டிக்கொள்கிறது என்று அதைக் கழற்றி என் காதில் போட்டுவிட்டார். கூண்டை மாட்டிய உடனே அத்தைக்கு மூக்கு அரித்தது. கூண்டுக்குள் கை போகாது. "ஏட்டி, வெளக்குமாத்துக் குச்சி ஒண்ணு ஒடிச்சுக் கொண்டா" என்றார். அன்றிலிருந்து எங்கள் பயிற்சியில் அந்தக் குச்சியும் ஒரு கருவி ஆயிற்று. கம்பி இடுக்கில் குச்சியை விட்டு மாமியாருக்கு மூக்கு சொரிந்துவிட்ட மருமகள் தென்காசி மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் கம்பைத் தூக்கினேன். இறக்கினேன். 'பொத்'.

"என்னட்டி, தலைக்கு எண்ணெ தேய்க்கியா?"

இன்னொன்று. 'பொத்'. பாய்ந்த கால் அத்தையின் காலில் போய் நின்றது. தொட்டுக் கும்பிட்டேன்.

அத்தை மிதிபட்ட காலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிவைத்தார். "மிதி. எத்தன மட்டம் மிதிப்பன்னு பாக்கேன்."

வாரக்கணக்கில் இதே கதை. கால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நேரானது. மாஸ்டருக்கு வீடியோ அனுப்புவேன். "இடுப்பை முன்னால் கொண்டு போ", "கண் தரையில் வேண்டாம், தாண்டிப் போகிற இடத்தில் வை" என்று திருத்துவார். ஓடித் தாண்டவும் திரும்பி நிற்கவும் பழகிவிட்டேன். ஆனால் அடியில் உயிரே இல்லை. கம்பு தலைக்குப் பக்கத்தில் போனதும் தானாகத் தயங்கி மெதுவாகிவிடும். அப்படிப்பட்ட அடிக்கு எந்த நடுவரும் கொடி தூக்கமாட்டார். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கவசத்தை அந்தக் கல்லூரிப் பெண்ணுக்குக் கொடுக்கும்போது துவைத்துக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்து வைத்துவிட்டேன்.

ஒரு காலையில் அத்தை கூண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"ஏட்டி உமா, ஒனக்கு எம் மேல கோவமே கெடையாதா?"

"இல்ல அத்தை. எதுக்கு?"

"பொய் சொல்லாத. கல்யாணத்தன்னிக்கு ஒங்க அப்பாவப் பந்தில இருந்து எழுப்பி விட்டோம்லா?"

ஓங்கிய கம்பை இறக்கிவிட்டேன்.

அப்பாவுக்குச் சுகர். வேளைக்குச் சாப்பிட வேண்டும். கல்யாணத்தன்று காலையிலிருந்து ஓடியாடிவிட்டு, பெண்ணைப் பெற்றவர் முதல் பந்தியில் உட்காருவதா என்று கூச்சப்பட்டு, வரிசையின் கடைசி இலையில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துவிட்டார். உப்பும் வைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து உரக் கம்பெனி மேனேஜர் ஒருவர் வந்தார். இடம் இல்லை. யாரோ வந்து அப்பா காதில் ஏதோ சொன்னார்கள். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்தார். தெளித்த இலையிலிருந்து எழுந்துவந்து, தூணோரம் நின்று, வேட்டி நுனியால் கையைத் துடைத்தார். மணமேடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. சங்கரிடமும் சொன்னதில்லை. அப்பாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எழுப்பச் சொன்னது யாருன்னு நெனைக்க?" என்றார் அத்தை. "நான்தான். சம்பந்திதான, நம்ம வீட்டு ஆளுதானன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒம் மூஞ்சியப் பாத்தேன். அன்னைலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீயும் ஒண்ணும் கேக்க மாட்டுக்க. எல்லாத்துக்கும் 'சரிங்க அத்தை, சரிங்க அத்தை'. கேளுட்டி. இப்பக் கேளு."

நான் வாயால் கேட்கவில்லை. "மென்ன்ன்!"

அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. கம்பு அத்தையின் உச்சியில் இறங்கியது எனக்குக் கையில் தெரியவே இல்லை. மச்சியின் அந்தக் கோடி வரைக்கும் ஓடி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் திரும்பி, கம்பை நீட்டியபடி நின்றேன். கண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவில்லை. குனியவில்லை. கும்பிடவில்லை. அத்தை ஆடாமல் நின்றார்.

"இப்பத்தான் விழுந்துச்சு" என்றார். "இன்னொண்ணு போடு. அது ஒங்க அப்பாவுக்கு. இப்பப் போட்டது ஒனக்கு."

நான் போட்டேன். ஒன்றோடு நிற்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் சொல்லாமல் கிடந்தது என்னவெல்லாமோ அன்று காலையில் சொல்லி முடிந்தது. கூண்டைக் கழற்றியபோது அத்தையின் முகமும் நனைந்துதான் இருந்தது. "வேர்வ" என்றார். சரி, வேர்வை.

சத்தம் என்றால் சத்தம்தான். தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்த புண்ணியவதி யாரோ, என் நாத்தனாருக்கு போன் போட்டுவிட்டார்கள். புளியங்குடி மதினி, சங்கரின் அக்கா. நல்ல மனுஷி. ஆனால் விசாரிப்பது என்ற பழக்கம் அவருக்குக் கிடையாது. மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். கோபத்தில் வந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டார், ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம்.

மதினி மச்சிப்படி ஏறி வந்த நேரம், நான் அத்தையின் தலையில் ஓங்கி ஒன்று போட்ட நேரம்.

"எங்கம்மைய... எங்கம்மையக் கூண்டுல அடச்சு வச்சு அடிக்காளே!"

அடுத்த நொடி எலுமிச்சம்பழப் பை என் முதுகில் வந்து விழுந்தது. பை கிழிந்தது. மச்சி முழுக்க எலுமிச்சம்பழம் உருண்டது. "வெளங்குவியாட்டி நீ?" என்று மதினி என் கொண்டையைப் பிடித்தார். அத்தை கூண்டுக்குள்ளிருந்து என்னவோ கத்தினார். கூண்டுக்குள் பேசினால் வெளியே பாதிதான் கேட்கும். அது முனகல் மாதிரி கேட்டது. மதினி இன்னும் பலமாக அழுதார். "எம்மா, பேசக்கூட முடியலியே ஒனக்கு! ஏலே சங்கரு, எங்கனலே போன?"

சங்கர் வாயில் பல்விளக்கும் பிரஷோடு ஓடிவந்தார். வந்த வேகத்தில் பழத்தின் மேல் கால் வைத்து, உட்கார்ந்த நிலையிலேயே எங்களிடம் வந்து சேர்ந்தார். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலில் பட்ட எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை ஒருவழியாகத் தானே கயிற்றை அவிழ்த்து, கூண்டைக் கழற்றி, மதினி முதுகில் ஒன்று வைத்தார். "சவத்து மூதி! நான்தான் அடிக்கச் சொன்னேன்!"

மதினி நம்பவில்லை. மருமகள் மிரட்டிச் சொல்லவைக்கிறாள் என்றார். அத்தை யோசித்தார். என்னிடமிருந்து கம்பைப் பிடுங்கி மதினி கையில் கொடுத்தார். கூண்டை என் தலையில் மாட்டினார். "நீயே ஒண்ணு போட்டுப் பாரு. இவளுக்கு ஏதாவது ஆவுதான்னு பாரு."

மதினி ஓங்கி ஒன்று போட்டார். நான் ஆடாமல் நின்றேன். மதினி கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"இன்னொண்ணு போட்டுக்கிடட்டுமா?" என்றார்.

எலுமிச்சம்பழம் அத்தனையும் அன்று ஊறுகாய் ஆனது. ஊரில் எங்கள் பேர் ஊறுகாய் ஆனதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்கு உரம் வாங்க வந்த அண்ணாச்சிகள்கூட, "வீட்ல பிரச்சினையாமே?" என்று சங்கரிடம் இரக்கப்பட்டுக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த போட்டிக்கு அத்தையும் மதினியும் கூடவே வந்தார்கள். கெண்டோவில் பார்வையாளர்கள் கைதட்டலாமே தவிர, கூச்சல் போடக்கூடாது. இதை அத்தையிடம் பஸ்ஸில் ஏறும்போதும் சொன்னேன், இறங்கும்போதும் சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

இந்தத் தடவை எதிராளி ஒரு டெல்லிக்காரப் பெண். ஒட்டகச்சிவிங்கி உயரம். ஆரம்பித்த உடனே என் மணிக்கட்டில் ஒன்று போட்டுப் பாயிண்ட் எடுத்தாள். இன்னொன்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது, என் கெண்டோவும் முடிந்தது. அவள் மறுபடி மணிக்கட்டைக் குறிவைத்துக் கம்பை இறக்கினாள். உச்சி திறந்தது.

"மென்ன்ன்!"

கால் நேராகத்தான் போனது. தாண்டி ஓடினேன். ஓடும்போது என் முழங்கை அவள் தோளில் இடித்தது. அதற்குக்கூட கை கம்பை விடவில்லை. திரும்பினேன். கம்பை நீட்டி நின்றேன். மூன்று சிவப்புக் கொடி ஏறியிருந்தது.

அரங்கில் எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு மேலே ஒரு குரல் எழும்பியது. "அடிச்சுட்டாடோய்! எஞ்செல்லம் அடிச்சுட்டாடோய்!" அத்தை நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். நிர்வாகத்துக்காரர் ஒருவர் ஓடிப்போய், வாயில் விரல் வைத்துக் காட்டினார். அத்தை கையோடு கொண்டுவந்திருந்த எலுமிச்சை ஊறுகாயில் ஒரு பாட்டிலை அவருக்குக் கொடுத்து உட்காரவைத்ததாக மதினி பிறகு சொன்னார்.

கடைசியில் நான் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். அதைப் பற்றி எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. கவசம் என்னிடமே இருக்கிறது. அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கும் மாஸ்டர் வேறொன்று ஏற்பாடு செய்துவிட்டார்.

நான் இப்போதெல்லாம் ஆட்டோவில் கெஞ்சுவதில்லை. அத்தையிடம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்கிறேன். அவரும் முடியாது என்றால் முடியாது என்கிறார். நாங்கள் சண்டை போடுகிறோம், நிஜமாகவே போடுகிறோம். எனக்கு இந்த வீடு சொந்த வீடானது அதற்குப் பிறகுதான். அத்தை தன் தலையைக் கொடுத்து வாங்கித் தந்தது இது. இதற்கெல்லாம் நன்றி சொல்லப் போனால், "போடி அங்கிட்டு" என்பார். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

போட்டி முடிந்து சில மாதங்களில் மதினி மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். புளியங்குடியில் ஒரு மண்டபம். ராயகிரியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். முதல் பந்திக்குக் கூப்பிட்டதும் அப்பா வழக்கம்போல ஓரமாக நின்றுகொண்டார். அத்தை நேராக வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு போய், முதல் வரிசையில் முதல் இலையில் உட்காரவைத்தார். தானே தண்ணீர் தெளித்தார். தானே உப்பு வைத்தார். பிறகு அங்கிருந்து நகரவே இல்லை, காவலுக்கு நிற்பதுபோல் இலைக்கு எதிரிலேயே நின்றார்.

பந்தி நிறைந்தது. அந்த நேரம் யாரோ பெரிய மனிதர் வந்தார். இடமில்லாமல் விழித்தார். அப்பா பாதி எழுந்துவிட்டார். "நான் அடுத்த பந்தில..."

அத்தை அப்பாவின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். "எண்ணே, உக்காருங்க! நீங்க எந்திரிச்சா அடி எனக்குல்லா விழும்!"

பந்தியே சிரித்தது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்தார். நிதானமாக, ரசம், பாயசம், மோர் என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷ வீட்டுப் பந்தியிலும், யாராவது கூச்சப்பட்டு எழுந்திருக்கப் பார்த்தால் பரிமாறுகிறவர்கள் விடுவதில்லை. "சும்மா உக்காந்து சாப்புடுங்க. கோமதியக்காவுக்கு அடி விழுந்துரும்."